உறையாத எண்ணெய், விடாத பிசுக்கு

மார்கழி விடியலில் திண்டுக்கல் வீடுகளில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. உள்ளே வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். சிலர் புட்டியை வெயிலில் வைப்பார்கள், சிலர் வெந்நீரில் நிறுத்துவார்கள். அவசரக்காரர்கள் ஈர்க்குச்சியை விட்டுக் கிண்டுவார்கள். அதே வீட்டு அடுப்படியில் ரேஷன் கடை பாமாயில் பாக்கெட்டின் அடியிலும் வெண்மையாகக் கொஞ்சம் படிந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் மட்டும் சித்திரை மாதத்தில் இருந்தது போலவே தெளிவாக இருக்கும். பஸ் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய், வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் ஜனவரி இரவில் வெளியே வைத்தாலும் அது உறையாது.

இன்னொரு புதிரும் அதே அடுப்படியில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய்ப் புட்டியின் வெளிப்பக்கம் எத்தனை மாதம் ஆனாலும் வழவழப்பாகத்தான் இருக்கும். சூரியகாந்தி எண்ணெய்த் தூக்கின் விளிம்பும் அடுப்புக்கு மேலுள்ள சன்னல் கம்பியும் அப்படி இருப்பதில்லை. சில மாதங்களில் அவற்றில் பழுப்பாக ஒரு பூச்சு ஏறி, தொட்ட விரலை ஒட்டி இழுக்கும். சபீனாத் தூள் போட்டுத் தேய்த்தாலும் லேசில் வராது. குளிரில்கூட உறையாத எண்ணெய், அறை வெப்பத்தில் பசையாக மாறுவது எப்படி?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அதைப் பிடித்துவிட்டால், பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பல விவரங்கள் தாமாகப் புரியும்.

மூன்று வால்கள்

எந்தச் சமையல் எண்ணெயை எடுத்தாலும் அதில் பெரும்பகுதி ஒரே அமைப்புள்ள மூலக்கூறுகள்தான். கிளிசரால் என்ற சின்ன முதுகெலும்பு, அதில் தொங்கும் மூன்று நீண்ட வால்கள். ஒவ்வொரு வாலும் ஒரு கொழுப்பு அமிலம், அதாவது கார்பன் அணுக்களை வரிசையாகக் கோத்த சங்கிலி. சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பாலான சங்கிலிகளில் 18 கார்பன் அணுக்கள் இருக்கின்றன.

எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபடுவது இந்த வால்களின் வடிவத்தில்தான். எல்லாக் கார்பன்களும் ஒற்றைப் பிணைப்பில் கோத்திருந்தால் சங்கிலி நேராக நீளும். ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்பு வந்தால் அங்கே சங்கிலி முழங்கை போல மடங்கிவிடும். வேதியியலார் இதை நிறைவுறாமை என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அதை ‘வளைவு’ என்றே அழைக்கலாம்.

18 கார்பன் கொண்ட மூன்று அமிலங்களை ஒப்பிட்டால் வளைவின் வலிமை தெரியும். ஸ்டீரிக் அமிலத்தில் வளைவே இல்லை; அது உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஓலிக் அமிலத்தில் ஒரு வளைவு. சுமார் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. லினோலிக் அமிலத்தில் இரண்டு வளைவு. உருகுநிலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 5 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீளம் ஒன்று, எடையும் ஏறத்தாழ ஒன்று. இரண்டு வளைவுக்காக எழுபது டிகிரிக்கு மேல் சரிவு!

விறகுக்கடையில் சவுக்குக் கம்புகளைக் கட்டினால் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று படிந்து நிற்கும். சீமைக்கருவேலம் அப்படி அடங்காது. கோணல் கம்புகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். உறைதல் என்பது மூலக்கூறுகள் நெருங்கி வரிசையாகப் படிவது. நேர்ச் சங்கிலிகள் சுலபமாகப் படிந்துவிடுகின்றன. வளைந்தவை படிவதற்குக் கடுங்குளிர் தேவைப்படுகிறது.

நூறு சங்கிலியில் எத்தனை வளைவு?

வழக்கமான சூரியகாந்தி எண்ணெய் ஒன்றிலிருந்து நூறு சங்கிலிகளை மட்டும் தனியே எடுத்து எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 60 சங்கிலிகள் லினோலிக், 28 ஓலிக், மிச்சம் 12 வளைவற்றவை. 60 லினோலிக் சங்கிலிக்கு 120 வளைவு, 28 ஓலிக் சங்கிலிக்கு 28 வளைவு. மொத்தம் 148. ஒரு மூலக்கூறுக்கு மூன்று வால் என்பதால், சராசரியாக ஒரு மூலக்கூறில் நாலரை வளைவு.

தேங்காய் எண்ணெயில் இதே நூறை எண்ணினால் நிலைமை தலைகீழ். 92 சங்கிலிகள் வளைவற்றவை. சுமார் ஆறு ஓலிக், இரண்டு லினோலிக். மொத்தமே 10 வளைவு. இத்தனை நேர்ச் சங்கிலி இருந்தும் அது கல்லாக இறுகாமல் 24, 25 டிகிரியில் உருகிவிடுவதற்குக் காரணம், அதன் வால்கள் குட்டையானவை. அதில் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன்தான். திண்டுக்கல்லில் மார்கழி விடியலின் வெப்பம் இருபதை ஒட்டி இறங்கும்போது உருகுநிலைக்குக் கீழே போய்விடுகிறது, புட்டி உறைந்துவிடுகிறது.

பாமாயிலுக்கு இந்தக் கணக்கு சுமார் 65 வரும். அதனால்தான் அது இரண்டுங்கெட்டானாக அடியில் மட்டும் படிகிறது. கடலை எண்ணெய்க்கு சுமார் 110. வெளியில் தெளிவாக இருக்கும், ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டிப்படும். 148 வளைவுள்ள சூரியகாந்தி எண்ணெய் உறைய மைனஸ் 17 டிகிரி அளவுக்குக் குளிர வேண்டும். கொடைக்கானல் அந்த எல்லையின் பக்கத்தில்கூடப் போவதில்லை.

அயோடின் சொல்லும் சாட்சி

மூலக்கூறை யாரும் கண்ணால் பார்த்ததில்லையே, இந்த 148 சரிதானா என்று சந்தேகம் எழுவது நியாயம். சரிபார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. 1884-இல் ஹ்யூப்ல் என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் காட்டியது. 1898-இல் வைஸ் என்பவர் அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். இன்றும் எண்ணெய் பரிசோதனைக் கூடங்களில் வைஸின் கரைசல்தான்.

வளைவு இருக்கும் இடத்தில் அயோடின் போய் ஒட்டிக்கொள்ளும். நேரான இடத்தில் ஒட்டாது. எடை பார்த்த எண்ணெய்த் துளிகளைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, செம்பழுப்பு நிறமுள்ள வைஸ் கரைசலை அளந்து ஊற்றி, மூடி, இருட்டில் வைத்துவிடுவார்கள். வெளிச்சம் பட்டால் வேண்டாத வினைகள் நடந்து கணக்கு பிசகும். அரை மணியோ ஒரு மணியோ கழித்து, ஒட்டாமல் மிஞ்சிய அயோடின் எவ்வளவு என்று பார்ப்பார்கள். கடைசியில் கொஞ்சம் மாவுக்கஞ்சி சேர்த்தால் கரைசல் கருநீலமாகும். தயோசல்ஃபேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போக, ஏதோ ஒரு சொட்டில் நீலம் சட்டென்று மறைந்துவிடும். அந்தச் சொட்டோடு நிறுத்தி அளவைக் குறித்தால் போதும். ஊற்றியதிலிருந்து மிஞ்சியதைக் கழித்தால், எண்ணெய் விழுங்கிய அயோடின் எவ்வளவு என்பது வந்துவிடும்.

100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை விழுங்குகிறதோ, அதுவே அதன் அயோடின் எண். மூலக்கூறுக்கு நாலரை வளைவு என்ற கணக்கை வைத்து எடை போட்டுப் பார்த்தால் சூரியகாந்தி எண்ணெய்க்கு 128 வரவேண்டும். கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தரப் பட்டியல் வழக்கமான சூரியகாந்தி எண்ணெய்க்கு வகுத்திருக்கும் எல்லை 118 முதல் 141 வரை. தாளில் போட்ட கணக்கும் குடுவையில் மறைந்த நீலமும் ஒரே பதிலைச் சொல்கின்றன. தேங்காய் எண்ணெய்க்கு அந்த எண் 6-லிருந்து 11-க்குள் அடங்கிவிடுகிறது. சூரியகாந்தி எண்ணெய் தன் எடையைவிட அதிகமான அயோடினை விழுங்குகிறது என்பதைச் சற்று நின்று யோசிக்கலாம். சமையலறையில் சாதுவாக இருக்கும் அந்த எண்ணெய் அவ்வளவு வினைத்துடிப்பு உள்ளது.

செடிக்கும் குளிர் தெரியும்

சூரியகாந்தியின் சொந்த ஊர் அமெரிக்கா. அதை எண்ணெய்ப் பயிராக வளர்த்தெடுத்தவர்கள் ரஷ்யர்கள். கிராஸ்னதாரில் புஸ்தவோயித் என்ற விஞ்ஞானி பல பத்தாண்டுகள் விதை பொறுக்கிப் பொறுக்கி, 30 சதவீதத்தை ஒட்டியிருந்த எண்ணெய் அளவை ஐம்பது வரை உயர்த்தினார். 1969-இல் சோவியத் ரகங்கள் இந்தியாவுக்கு வந்த பிறகே இங்கே எண்ணெய்க்காகப் பரவலாகப் பயிரிடத் தொடங்கினார்கள். தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் மஞ்சள் வயல்களைப் பார்க்கக் கூட்டம் கூடினாலும், இந்தியா பயன்படுத்தும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைன், ரஷ்யா, அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வருவது. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் திண்டுக்கல் மளிகைக்கடையில் விலை எகிறியது இதனால்தான்.

எங்கே விளைந்தது என்பது எண்ணெயின் குணத்திலும் பதிந்திருக்கிறது. விதை முற்றும் நாட்களில் குளிராக இருந்தால் செடி லினோலிக் அமிலத்தைக் கூடுதலாகச் செய்கிறது. வெக்கையாக இருந்தால் ஓலிக் கூடுகிறது. வெயிலில் முற்றிய தமிழ்நாட்டு விதையின் எண்ணெயில் உக்ரைன் எண்ணெயைவிட வளைவுகள் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்திய விதிகள் அயோடின் எண்ணுக்கு 100 முதல் 145 வரை என்று அகலமான எல்லை வைத்திருப்பது இந்த வேறுபாட்டுக்கும் இடம் கொடுக்கிறது.

ஆலையில் கழிபவை

விதையிலிருந்து வரும் பச்சை எண்ணெய் கலங்கலாக, வாசனையோடு இருக்கும். முதலில் தண்ணீரும் சிறிது அமிலமும் சேர்த்து அதிலுள்ள பசையைப் பிரிப்பார்கள். முதுகெலும்பிலிருந்து கழன்று திரியும் கொழுப்பு அமிலங்களைக் காஸ்டிக் சோடா சோப்பாக்கி வெளியேற்றும். நிறத்தை ஒருவகைக் களிமண் உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் காற்றை ஏறத்தாழ முழுக்க உறிஞ்சிய கலத்தில் 220 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நீராவியை ஊதி வாசனையைத் துரத்துவார்கள். வைட்டமின் ஈ-யில் ஒரு பகுதியும் இதில் போகும். ஆனாலும் 100 கிராமுக்கு 40 மில்லிகிராம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. சமையல் எண்ணெய்களில் இது தாராளம்.

சூரியகாந்திக்கென்று ஒரு தனிப் படி உண்டு. விதைத் தோலிலிருந்து மெழுகு எண்ணெயில் கலந்துவிடுகிறது. உடம்புக்கு அதனால் கெடுதல் இல்லை. குளிரில் மட்டும் நூலிழையாகத் திரண்டு பாக்கெட்டை மங்கலாக்கும். ஆகவே எண்ணெயைப் பத்து டிகிரிக்கும் கீழே மெல்லக் குளிரவைத்து, திரண்ட மெழுகை வடிகட்டிவிடுவார்கள். வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க, எண்ணெயைப் பனிக்கட்டியின் வெப்பநிலையில் ஐந்தரை மணி நேரம் வைப்பார்கள். தெளிவாகவே இருந்தால் தேறிவிட்டது. கொடைக்கானல் கடை அலமாரியில் ஒரு பாக்கெட் மங்கித் தெரிந்தால், உறைந்திருப்பது எண்ணெயாக இருக்காது, வடிகட்டலில் தப்பிய மெழுகாக இருக்கும்.

ஒரு லிட்டர், 910 கிராம்

பாக்கெட்டில் 1 லிட்டர் என்றும் 910 கிராம் என்றும் இரண்டு அளவு இருப்பதைப் பார்த்து, 90 கிராம் எங்கே என்று கேட்காதவர்கள் குறைவு. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. அதனால்தான் ரசத்தின் மேலே மிதக்கிறது. 30 டிகிரியில் ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெயின் எடை 910 கிராமை ஒட்டியே இருக்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ஏமாற இடமிருந்தது வேறொரு மூலையில். எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 சதவீதம் விரிகிறது. 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால் இரண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் பருத்துவிடும். அந்தச் சூட்டில் அளந்த ஒரு லிட்டரில் 891 கிராம்தான் இருக்கும். பாக்கெட்டுக்கு 19 கிராம் குறைவு. ஐம்பது பாக்கெட்டில் ஒரு முழுப் பாக்கெட்டுக்கும் மேல். 60 டிகிரி வரை வெப்பநிலையைக் குறிப்பிட்டுச் சிலர் லிட்டர் கணக்கை அச்சிட்டுவந்தார்கள். 2022 ஆகஸ்டில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாமல் லிட்டரோடு எடையையும் சேர்த்து அச்சிடும்படி சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தது. கடையில் பார்க்கவேண்டியது கிராமைத்தான். வெயிலோ குளிரோ, அது மாறாது.

புகை வேறு, கேடு வேறு

சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெய் சுமார் 225 டிகிரிக்கு மேல்தான் புகையும். சுத்திகரிக்காதது 107 டிகிரியிலேயே புகைய ஆரம்பித்துவிடும். வடை பொரியும் சூடு 170, 180 தான். ஆகவே இந்த எண்ணெய் சூட்டுக்கு அசையாது என்று பலர் நம்புகிறார்கள். விளம்பரங்களும் அப்படியே பேசுகின்றன. இந்த நம்பிக்கை பாதி தவறு.

முதலில் புகைவது, கழன்று திரியும் கொழுப்பு அமிலங்களும் மற்ற உதிரிகளும். ஆலையில் அவற்றை நீக்கியதால் புகைநிலை ஏறியது. மூன்று வால் மூலக்கூறு உறுதிப்பட்டதால் ஏறவில்லை. வளைவுகள் அப்படியே இருக்கின்றன.

லினோலிக் சங்கிலியில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு கார்பன் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஹைட்ரஜன் அணுக்கள் தளர்வாக ஒட்டியிருப்பவை. காற்றிலுள்ள ஆக்சிஜன் நுழைவது அந்த இடத்தில்தான். ஒரே வளைவுள்ள ஓலிக் அமிலத்தைவிட லினோலிக் பத்து மடங்குக்கும் அதிக வேகத்தில் ஆக்சிஜனோடு சேர்கிறது. முதலில் பெராக்சைடுகள் உண்டாகும். அவை உடையும்போது சிறு துண்டுகள் சிதறி, மூக்கைச் சுளிக்கவைக்கும் சிக்கு வாடையைக் கொடுக்கும். வேறு சில சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலியோடு பிணைந்து வலையாகும். அடுப்படிச் சன்னல் கம்பியில் ஏறும் பிசுக்கு இந்த வலைதான். வளைவுகள் இன்னும் அதிகமுள்ள ஆளிவிதை எண்ணெயை ஓவியர்களும் மரவேலைக்காரர்களும் பூசிக் காயவைப்பது இதே வினையை நம்பித்தான். தேங்காய் எண்ணெயில் வளைவு அரிது. வலை பின்ன ஆளில்லை.

சாயங்காலம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஜ்ஜிச் சட்டி ஒன்றைக் கூர்ந்து பார்த்தால் இந்த வேதியியல் கண்முன் நடப்பது தெரியும். புதிய எண்ணெயில் மாவைப் போட்டதும் பெரிய குமிழிகள் வந்து உடனே உடையும்; அவை மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறுவது. பலமுறை காய்ந்த எண்ணெயில் குமிழிகள் பொடியாகி, உடையாமல், நுரையாகப் பொங்கிப் பஜ்ஜியையே மறைக்கும். நிறம் கறுத்து, கரண்டியிலிருந்து ஒழுகும் தாரை கனத்திருக்கும். மிச்சத்தின் மேல் புதிய எண்ணெயை ஊற்றுவதும் உதவாது. பழையதில் சேர்ந்திருக்கும் சிதைவுப் பொருட்கள் புதியதையும் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போகும்.

சிதைந்த பொருட்களின் மொத்தத்துக்கு ‘மொத்தத் துருவச் சேர்மங்கள்’ என்று பெயர். மின்சாரத்துக்கு எண்ணெய் காட்டும் குணம் இவற்றால் மாறுவதை வைத்து, கையடக்கக் கருவியைச் சட்டிக்குள் நுழைத்தே அளந்துவிடலாம். இவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி பயோடீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. எளிய மக்கள் அன்றாடம் வாங்கித் தின்னும் பண்டம் இது. விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, கருவி சட்டிக்குள் நுழையவும் வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜனுக்குத் துணைபோவது வெளிச்சமும் சூடும். பாக்கெட்டில் ‘ஐ.என்.எஸ். 319’ என்று பார்த்தால், அது ஆக்சிஜனை வழிமறிக்கச் சேர்த்த பொருள். இந்தியாவில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைதான் அனுமதி. வைட்டமின் ஈ-யும் அதே காவல் வேலையைத்தான் செய்கிறது. மூடி இறுக்கிய தூக்கு அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான அலமாரியில் இருந்தால் இரண்டும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

வளைவைக் குறைத்த விதை

செடியிலேயே வளைவைக் குறைத்தால் என்ன என்று யோசித்தவர் சோவியத் விஞ்ஞானி சல்தாத்தவ். விதைகளை வேதிப்பொருளால் திடீர் மாற்றத்துக்கு உள்ளாக்கி, 1976-இல் ‘பெர்வெனெத்ஸ்’ என்ற ரகத்தை வெளியிட்டார். ஓலிக்கிலிருந்து லினோலிக்கைச் செய்யும் வேலை அந்த விதையில் பெருமளவு முடங்கிவிட்டது. இன்று உலகில் விற்கும் உயர் ஓலிக் சூரியகாந்தி ரகங்களுக்கு அதுவே மூதாதை.

அந்த எண்ணெயில் நூறு சங்கிலிக்கு 82 ஓலிக், 9 லினோலிக் என்று வைத்தால் வளைவு சரியாக 100. அயோடின் எண் 86 வரவேண்டும்; கோடெக்ஸ் அதற்குத் தனியே வகுத்த எல்லை 78 முதல் 90. பொரிப்பதற்கு இது நன்றாகத் தாங்கும். ஆனால் லினோலிக் அமிலத்தை மனித உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். பொரிப்பதற்கு ஒன்று, தாளிப்பதற்கு ஒன்று என்று இரண்டு எண்ணெய் வைத்துக்கொள்ளும் வீடுகளின் வழக்கத்துக்கு இதில் நல்ல நியாயம் இருக்கிறது.

எந்த எண்ணெயின் வளைவுக் கணக்கையும் கடையிலேயே போட்டுவிடலாம். பாக்கெட்டின் பின்பக்க ஊட்டச்சத்து அட்டவணையில் எம்.யு.எஃப்.ஏ. என்றிருப்பது ஒரு வளைவுள்ளவை, பி.யு.எஃப்.ஏ. என்றிருப்பது ஒன்றுக்கு மேற்பட்டவை. 100 கிராமுக்கான பி.யு.எஃப்.ஏ. அளவை இரட்டித்து, எம்.யு.எஃப்.ஏ. அளவைக் கூட்டினால் நூறு சங்கிலிக்கான வளைவு ஏறத்தாழ வந்துவிடும். கடுகெண்ணெய் போன்ற சிலவற்றுக்கு இந்தக் கணக்கு சற்றுக் குறைத்துக் காட்டும். மூன்று வளைவுள்ள சங்கிலிகளும் அவற்றில் இருக்கின்றன.